உக்ரைன் பசுமைக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட யாரையாவது நேரில் பார்த்ததுண்டா?

கீவ்வாசி98:
1998 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. நான் கீவில் மெடிசின் மூன்றாம் வருஷம். வீட்டுக்காரப் பாட்டி, பாபுஷ்கா என்றுதான் கூப்பிடுவோம், விசேஷத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டுப் போடக் கிளம்பினார். பசுமைக் கட்சிக்கு. டிவியைத் திறந்தால் அவர்கள் விளம்பரம்தான், ஆனால் பாட்டி அதைப் பார்த்து மயங்கியவர் இல்லை. 86-இல் செர்னோபில் அணு உலை வெடித்த ஐந்தாம் நாள், யாரும் எதுவும் சொல்லாததால், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கிரெஷ்சாத்திக் தெருவில் மே தின ஊர்வலத்துக்குப் போனவர். பேத்திக்குப் பிற்பாடு தைராய்டு ஆபரேஷன் ஆனது.

கட்சிப் பட்டியலுக்கு 4 சதவீதம் ஓட்டு வாங்கினால்தான் நாடாளுமன்றத்துக்குள் போக முடியும். பசுமைக்கு 5.4 வந்தது, 19 இடம். பாட்டி அன்று வரேனிகி (அவர்கள் ஊர்க் கொழுக்கட்டை) செய்து போட்டார். அப்புறம்தான் பட்டியலில் ஜெயித்தவர்கள் யார் யார் என்று பத்திரிகையில் வந்தது. எழுத்து பொடி என்பதால் என்னைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் விரலை வைத்து, "இவர் என்ன வேலை?" என்பார். வங்கிக்காரர். கம்பெனி இயக்குநர். மறுபடியும் கம்பெனி. அடுத்த பெயருக்கு நான் பொய் சொன்னேன்: "உயிரியல் ஆசிரியர், பாபுஷ்கா." விரலை எடுத்துவிட்டு, "நல்லது" என்றார். அந்த "நல்லது" இன்னும் காதில் இருக்கிறது.

ஒடெஸா_ராஜா:
அண்ணா, நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இதைப் படிப்பவர்கள் அது பணக்காரர் தொடங்கிய கட்சி என்று நினைத்துவிடக் கூடாது. 1987-இல் 'பச்சை உலகம்' என்ற அமைப்பாகத்தான் தொடங்கியது. அதன் தலைவர் யூரி ஷெர்பாக், டாக்டர், எழுத்தாளர். கட்சி பிறந்தது 1990 செப்டம்பரில். சிஹிரினில் கட்ட இருந்த அணு உலையும் கிரிமியாவில் பாதி கட்டிய உலையும் 89-இலேயே நின்றுபோனதற்கு அந்த மாதிரி ஆட்களின் கூச்சல் ஒரு பெரிய காரணம்.

90 குளிர்காலத்தில் அவர்களில் ஒருவர் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்தார். கையில் கதிர்வீச்சு மீட்டர். நான் வடக்கே ஒரு கிராமத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். என் பூட்ஸின் அடியில் அதை வைத்தார். டிக், டிக். நான் பயந்ததைப் பார்த்து, "இது எங்கே வைத்தாலும் இப்படித்தான் சத்தம் போடும், வேகமானால் மட்டும் கவலைப்படு" என்றார். அவர் காலில் இருந்த பூட்ஸ் கிழிந்திருந்தது. 98 பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். இல்லை.

சுமி2000:
ரொம்பவும் தூக்கிப் பேசாதீர்கள் ராஜா. புதிய உலை கட்டக் கூடாது என்று 1990-இல் போட்ட தடையை 93-இல் உக்ரைன் நாடாளுமன்றமே எடுத்தது. குளிரில் மின்சாரம் இல்லாமல் கிடந்தவர்களிடம் போய்க் கேளுங்கள்.

2000 டிசம்பர் 15, செர்னோபிலின் கடைசி உலையை நிறுத்திய நாள். ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் டிவி ஓடியது. அதிபர் குச்மா கீவிலிருந்தபடி உத்தரவு கொடுக்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். என் பக்கத்திலிருந்தவர் ஸ்லாவுத்திச் ஊர்க்காரர், அந்த நிலையத்தில் வேலை பார்ப்பவர். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். "பச்சைக் கொடிக்காரர்களுக்கு இன்று பண்டிகை" என்று மட்டும் சொன்னார். நிலையம் இருப்பதால்தான் அந்த ஊரே இருந்தது. அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

வின்னித்சியா_அக்கா:
2002 தேர்தலுக்கு முன்னால் மார்க்கெட் வாசலில் ஒரு பெண் பசுமைக் கட்சி நோட்டீஸ் கொடுத்தாள். வாங்கி அதில் கேரட்டைச் சுற்றினேன். பிறகு 1.3 சதவீதம்தான் வந்தது என்று கேள்விப்பட்டதும் அவள் முகம் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் தைராய்டு என்று தம்பி எழுதியதால் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்கு அந்தத் தைராய்டு நோயைக் கொண்டுவந்தது வெடிப்பில் வெளிவந்த கதிரியக்க அயோடின் 131, பெரும்பாலும் பால் வழியாக. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள், எப்போதோ போய்விட்டது. சீசியம் 137 அப்படி இல்லை, 30 வருஷம். காட்டு மண்ணில் தங்கும், காளானும் காட்டுப் பழங்களும் அதை இழுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கம் யார் இருந்தாலும், வடக்குக் காடுகளில் பறித்தது என்று சாலையோரம் வாளியில் வைத்து விற்பதை வாங்காதீர்கள். மார்க்கெட்டுக்குள் ஆய்வகத்தில் பார்த்து அனுமதித்ததை வாங்குங்கள். காளானை உப்புத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் சீசியம் ஓரளவு குறையும், முழுக்கப் போகாது. உலர்ந்த காளானில் செறிவு அதிகம், அதில் இன்னும் கவனம். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே வேண்டாம். பண்ணைக் காளானுக்கு இந்தக் கவலை கிடையாது.

கீவ்வாசி98:
சுமி, அந்த ஸ்லாவுத்திச் மனிதரும் என் பாபுஷ்காவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அக்கா, காளான் விஷயம் எனக்கே பாதி தெரியாது, நன்றி.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். படிப்பு முடிந்து ஊருக்கு வந்த பிறகு, 2002 மார்ச்சில் பாட்டிக்குப் போன் போட்டேன். குரல் தளர்ந்திருந்தது. உடம்பு, பேத்தி, பென்ஷன் எல்லாம் பேசி முடித்தபின் கேட்டார்: "அந்த உயிரியல் ஆசிரியர் இந்தத் தடவையும் நிற்கிறாரா?"