50,000 கேலன், 50,000 கேலன்… போதும்ப்பா சாமி

கப்பல்காரன்68:
நேத்து கப்பல் போட்டோ திரில ஜெர்சிவாசி எழுதுனத படிச்சதுல இருந்து சோறு இறங்கல. "நியூயார்க்கோட த்ரீ ஃபார்ட்டி த்ரீங்கற தீயணைப்புப் படகு 2010ல வந்துச்சு, நிமிஷத்துக்கு 50,000 கேலன் தண்ணி அடிக்கும், ஃபயர்போட்னா அதுதான், அதுக்கு முந்தி இருந்ததெல்லாம் திருவிழாவுக்கு தண்ணி பீச்சுன படகு"ன்னு எழுதிருக்காப்ல. ஏன்யா, ஜான் ஜே. ஹார்வின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கியா? 1931ல தண்ணில இறக்குனது. 18,000 கேலன். 90கள்ல ஓய்வு குடுத்து, 1999ல ஏலத்துல விட்டு, பழைய கப்பல் பைத்தியம் புடிச்ச நாலு பேரு வாங்கி வச்சிருந்தாங்க. 2001 செப்டம்பர் 11, கோபுரம் ரெண்டும் விழுந்து ரோட்டுக்கடியில மெயின் பைப்பெல்லாம் நொறுங்கி ரோட்டோர தீயணைப்புக் குழாய்ல தண்ணி இல்ல. அந்தக் கெழவிதான் ஹட்சன் கரையில கட்டி நின்னு 80 மணி நேரம் ஆத்துத் தண்ணிய எறச்சு விட்டா. திருவிழாவாம்.

ஜெர்சிவாசி:
வணக்கம் அண்ணே. உணர்ச்சிவசப்படாம ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்லுங்க. 50,000 பெருசா 18,000 பெருசா? அவ்ளோதான். அப்புறம் அன்னிக்கு ஹார்வி ஒண்டியா நிக்கல, ஜான் டி. மக்கீனும் ஃபயர் ஃபைட்டரும் கூட நின்னுச்சு, அது ரெண்டும் தீயணைப்புத் துறையோட சர்வீஸ்ல இருந்த படகு. அத மட்டும் ஏன் நைசா முழுங்குறீங்க?

கப்பல்காரன்68:
முழுங்கல தம்பி. மக்கீன் 1954, ஃபயர் ஃபைட்டர் 1938. நீயே சொல்லிட்ட, அதுவும் "திருவிழா" படகுதானே உன் கணக்குல? உன் வாயாலயே உன் வாதம் போச்சு.

லிட்டர்லிங்கம்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எந்த கேலன்? அமெரிக்க கேலன்னா 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன்னா 4.546. நம்மூர்ல பழைய ஆளுங்க கேலன்னா நாலரை லிட்டர்னுதான் நினைப்பாங்க. 50,000ல வித்தியாசம் நிமிஷத்துக்கு 38,000 லிட்டர் வருது. இத முடிவு பண்ணாம என்ன விவாதம்?

ஜெர்சிவாசி:
நியூயார்க் படகுக்கு பிரிட்டிஷ் கேலனா சார்? அமெரிக்க கேலன்தான். 1,89,000 லிட்டர். மெட்ராஸ் தண்ணி லாரி 12,000 லிட்டர்னு வைங்க, நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 16 லாரி. நீங்க "ஒரு நிமிஷம்"னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள உங்க தெரு மொத்தத்துக்கும் தண்ணி வந்துரும்.

சும்மா_பாக்குறேன்:
எங்க தெருவுக்கு அனுப்புங்க ப்ரோ, புக் பண்ணி எட்டு நாளாச்சு 😂

கப்பல்காரன்68:
லாரிக் கணக்கு நல்லாத்தான் இருக்கு. அந்த 16 லாரி தண்ணியோட வெயிட்டு என்னன்னு யோசிச்சியா? நிமிஷத்துக்கு 189 டன். ஒரு மணி நேரத்துக்கு 11,000 டன்னுக்கு மேல. அத எரியுற கப்பல் மேல ஊத்துனா என்னாகும்? 1942 பிப்ரவரி 9, நியூயார்க் பியர் 88 கப்பல்துறை, நார்மண்டிங்கற பயணிகள் கப்பல். பிரெஞ்சுக்காரன் கட்டுன ராணி மாதிரி கப்பல், அமெரிக்காக்காரன் அத படைவீரர ஏத்துற கப்பலா மாத்திக்கிட்டிருந்தான், கட்டிங் டார்ச் பொறி பறந்து லைஃப் ஜாக்கெட் குவியல்ல விழுந்துச்சு. ஃபயர்போட்டெல்லாம் வந்து ஊத்து ஊத்துன்னு ஊத்துனான். நெருப்பு அணைஞ்சுது, தண்ணி மேல் தளத்துல தேங்குச்சு, கப்பல் சாஞ்சுக்கிட்டே போய் நடுராத்திரி தாண்டி படுத்துருச்சு. அந்தக் கப்பல டிசைன் பண்ண யூர்கெவிச் பியர்லயே நின்னு "அடித்தளத்துல தண்ணிய விடுங்க, நேரா சேத்துல உக்காந்துக்கும்"னு தலையால அடிச்சிக்கிட்டாரு, கேக்கல. இப்ப சொல்லு, கேலன் கூடுனா நல்லதா?

ஜெர்சிவாசி:
அண்ணே அது படகு தப்பா, கரையில நின்னு உத்தரவு போட்ட ஆபீசர் தப்பா? மறுவருஷம் 1943 ஏப்ரல்ல எல் எஸ்டெரோ என்னாச்சு? ஆயிரம் டன்னுக்கு மேல வெடிமருந்து ஏத்துன கப்பல், எஞ்சின் ரூம்ல தீ, வெடிச்சிருந்தா நியூயார்க் துறைமுகமும் எங்க ஜெர்சி கரையும் காலி. அத கரைய விட்டு தள்ளி விரிகுடாவுக்குள்ள இழுத்துட்டுப் போய் தண்ணிய ரொப்பி ரொப்பியே மூழ்கடிச்சாங்க. ரொப்புனது யாரு? ஃபயர் ஃபைட்டரும் உங்க ஹார்வியும். அங்க கேலன்தான் ஊர காப்பாத்துச்சு. 50,000 இருந்திருந்தா சீக்கிரமே மூழ்கிருக்கும்.

கப்பல்காரன்68:
அதத்தான்யா நானும் சொல்றேன், பழைய படகுதான் காப்பாத்துச்சுன்னு!!

பிரிட்ஜ்_விங்:
ரெண்டு பேரும் பம்ப்ப பத்தியே பேசுறீங்க. எஞ்சின் ரூம் ஆளுங்க புத்தி. மானிட்டர, அதான் தண்ணி பீச்சுற பீரங்கிய, ஃபுல்லா திறந்தா படகு பின்னால ஓடும், தெரியுமா தெரியாதா? அத ஒரே எடத்துல புடிச்சு நிறுத்துறதுதான் வித்தை. லாஸ் ஏஞ்சல்ஸ் வார்னர் லாரன்ஸ், 2003, 38,000 கேலன்தான், ஆனா வாய்த் ஷ்னைடர் ப்ரொப்பல்லர், எந்தப் பக்கம் வேணாலும் தள்ளும், நங்கூரம் போட்ட மாதிரி நிக்கும். குறி தப்புனா 50,000 கேலனும் கடலுக்கேதான் திரும்பிப் போகும்.

ஜெர்சிவாசி:
38,000. நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி.

கப்பல்காரன்68:
வந்துட்டாருய்யா டெக் ஆபீசரு. சார், நீங்க மேல ஏசில நின்னு குச்சிய ஆட்டுனா போதும், தண்ணி கீழ இருந்து வரணும். ஒரு துறைமுகத்துல, பேரு வேணாம், நான் டக்ல (இழுவைப் படகு) செகண்ட் எஞ்சினியரா இருந்தப்ப மாசாமாசம் ட்ரில். மானிட்டர் திறந்தா ரெண்டு நிமிஷம் ஜோரா அடிச்சுது, அப்புறம் காசம் வந்தவன் மாதிரி இருமுது. பிரஷர் கேஜ் முள்ளு துள்ளுது. மேல இருந்து உங்க ஆளு "என்னப்பா தண்ணி"ன்னு மைக்ல கத்துறாரு. கீழ போய் ஸ்ட்ரெய்னர், அதான் குப்பை வடிகட்டி, மூடிய கழட்டுனா பால் கவரு, அறுந்த வலை, நைலான் கயிறு, ஒத்தச் செருப்பு. கையால அள்ளி வாளில போட்டேன். ஃபயர்போட்டோட உயிரே அந்த ஸ்ட்ரெய்னர்லதான் இருக்கு, ப்ரோஷர்ல போட்டிருக்குற கேலன்ல இல்ல.

பிரிட்ஜ்_விங்:
செருப்பு எப்படி சார் சீ செஸ்ட் கிரேட்டிங்க (கடல் தண்ணி உள்ள வர்ற வாய்ல இருக்குற கம்பித் தடுப்ப) தாண்டி உள்ள வந்துச்சு?

கப்பல்காரன்68:
கிரேட்டிங் துருப்புடிச்சு ஒரு கம்பி போயிருந்துச்சு. ட்ரை டாக்ல, படக தண்ணிய விட்டு ஏத்தி ரிப்பேர் பண்றப்ப, மாத்தச் சொல்லி எழுதிக்குடுத்தேன், மாத்தல.

பிரிட்ஜ்_விங்:
அப்ப அது எஞ்சின் டிபார்ட்மெண்ட் கோளாறு. என் ஆளு கத்துனது சரிதான்.

கப்பல்காரன்68:
போன வருஷம் டைட்டானிக் திரில இதே மாதிரிதான் சுக்கான பத்தி பேசப்போய் பழிய எஞ்சின் மேல போட்டீங்க. மறக்கல.

சும்மா_பாக்குறேன்:
செருப்பு என்ன சைஸ்?

லிட்டர்லிங்கம்:
ஹார்வியோட 18,000ம் அமெரிக்க கேலன்தானா? யாரும் உறுதி பண்ணல.

கப்பல்காரன்68:
ஆமாங்க ஆமா. இப்ப ஜெர்சிவாசிக்கு. "உலகத்துலயே பெருசு"ன்னு வேற எழுதிருந்த. எண்ணெய்க் கிணறு பக்கம் நிக்கிற ஃபைஃபை 3 கப்பல, அதான் தீயணைப்புத் தரச் சான்று வாங்குன கப்பல, பாத்திருக்கியா? மணிக்கு 9,600 கன மீட்டர் இருந்தாத்தான் அந்த சர்ட்டிபிகேட்டே குடுப்பான், 150 மீட்டர் தூரம் எறியணும், 70 மீட்டர் உசரம் போகணும். அதுக்கு முன்னாடி உன் நகரத்துப் படகு குழந்தை.

ஜெர்சிவாசி:
9,600 கன மீட்டர்னா நிமிஷத்துக்கு 42,000 அமெரிக்க கேலன் சொச்சம். த்ரீ ஃபார்ட்டி த்ரீ 11,300 கன மீட்டருக்கு மேல. குழந்தை யாரு அண்ணே? 😀 50,000.

கப்பல்காரன்68:
9,600ங்கறது மினிமம்! கம்மியா இருக்கக் கூடாதுங்கற அளவு! அதுக்கு மேல எவ்ளோ வேணா இருக்கலாம். பரீட்சைல 35 எடுத்தா பாஸ்னா எல்லாரும் 35தான் எடுத்தான்னு அர்த்தமா? அது போகட்டும், தண்ணி ஆறு இல்ல கடல்ல இருந்து வருது, அது தீரப்போறதில்ல, அத கரைக்கு எவ்ளோ நேரம் விடாம தள்ளுறங்கறதுதான் கேள்வி. 1989 அக்டோபர், சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கம், மெரீனா டிஸ்ட்ரிக்ட்ல பைப் ஒடஞ்சு வீடு எரியுது. ஃபீனிக்ஸ்னு 1954 படகு, பத்தாயிரம் கேலன் கூட கெடையாது. அதுல இருந்து ஹோஸ் போட்டு ஊர்சனம் சேந்து தெருத்தெருவா இழுத்துட்டுப் போச்சு. லண்டன்ல 1940 டிசம்பர் 29 ராத்திரி குண்டு மழை, மெயின் ஒடஞ்சு போச்சு, தேம்ஸ்ல தண்ணி வத்தி வெறும் சேறு. அன்னிக்கு மாசி ஷா நாலடி தண்ணில மிதக்குற படகுங்கறதாலதான் கிட்ட வர முடிஞ்சுது. உன் பெருசு அங்க தரை தட்டி நின்னுருக்கும்.

ஜெர்சிவாசி:
மாசி ஷாவுக்கு தேம்ஸ், எங்களுக்கு ஹட்சன். எங்க ஆறு ஆழம். த்ரீ ஃபார்ட்டி த்ரீங்கற பேரே அன்னிக்கு செத்த 343 தீயணைப்பு வீரர் நினைவா வச்சது, கோபுரத்து இரும்புத் துண்டு ஒண்ணு அந்தப் படகுலயே இருக்கு. ரசாயன, கதிர்வீச்சு ஆபத்து வந்தா கேபினுக்குள்ள காத்த வடிகட்டி விடுற ஏற்பாடு இருக்கு, ஹார்வில இருக்கா? ரெண்டரைக் கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி பைத்தியக்காரனா கட்டுவான்?

கப்பல்காரன்68:
பேரச் சொல்லி அழ வைக்காத, நானும் மரியாதையாத்தான் பேசுறேன். 1900ல கட்டுன எட்வர்ட் எம். காட்டர்ங்கற தீயணைப்புப் படகு இன்னிக்கும் அமெரிக்காவுல பஃபலோ ஊர்ல ஐஸ் ஒடச்சுக்கிட்டு சர்வீஸ்ல நிக்குது. 1928ல தீயணைக்கப் போன எடத்துல தானே தீப்புடிச்சு, திருப்பிக் கட்டி, 1960ல ஈரி ஏரியத் தாண்டி கனடாவுக்குப் போய் தானியக் கிடங்குல தீய அணைச்சுட்டு வந்துச்சு. உன் 50,000 நூத்திருபது வருஷம் நிக்கட்டும், அப்புறம் பேசு.

பிரிட்ஜ்_விங்:
ஏரியத் தாண்டி ஓட்டிட்டுப் போனது யாரு? எஞ்சினியரா?

கப்பல்காரன்68:
இந்தாளுக்கு என்ன பிரச்சினைன்னே தெரியல. எஞ்சின் இல்லாம துடுப்பு போட்டா போனான்? இருங்க, கரண்ட் போகுது, வந்து வச்சிக்கிறேன்.

ஜெர்சிவாசி:
மெதுவா வாங்க. நம்பர் அப்படியேதான் இருக்கும். 50,000.

லிட்டர்லிங்கம்:
காட்டரோட கேலன் கணக்கு யாராச்சும் போடுங்க, லிட்டர்ல.

சும்மா_பாக்குறேன்:
அந்த இன்னொரு செருப்பு என்னாச்சுன்னுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.