மைக்ரோஅரே அறிக்கை ‘இயல்பு’ என்ற பிறகும் எக்சோம் சீக்வென்சிங் எதற்கு?

திருமங்கலத்துக்காரர்:
வணக்கம். என் தங்கை மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, நடையும் தள்ளாடுகிறது. மதுரையில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்ததன்பேரில் மைக்ரோஅரே சோதனை எடுத்தோம். குரோமோசோம்களில் குறைவோ மிகையோ இல்லை என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதன் கீழே, தாய்வழியும் தந்தைவழியும் ஒன்றுபோல் வந்த பகுதிகள் 11 விழுக்காடு என்று இன்னொரு வரியும் இருந்தது. அதைப் பற்றி அறிக்கையைக் கையில் கொடுத்தவர் வாய் திறக்கவில்லை. இப்போது மருத்துவர் எக்சோம் சீக்வென்சிங் செய்யச் சொல்கிறார். தங்கையை எங்கள் தாய்மாமனுக்கே கொடுத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரபணு முழுவதையும் பார்த்தாயிற்று என்றல்லவா நினைத்திருந்தோம்? முதல் சோதனைக்குக் கொடுத்த பணம் வீண்தானா?

பழைய ஆய்வகத்தார்:
வீண் இல்லை ஐயா. மைக்ரோஅரே என்பது கேள்விகளை முன்கூட்டியே பதித்து வைத்த ஒரு சிறு தகடு. ஒவ்வொரு புள்ளியிலும் நமக்குத் தெரிந்த வரிசை கொண்ட டிஎன்ஏ இழை ஒட்டப்பட்டிருக்கும்; நோயாளியின் டிஎன்ஏ தன் இணையைத் தேடி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்; எந்தப் புள்ளி எவ்வளவு ஒளிர்கிறது என்பதை அளந்து கணக்கிடுவார்கள். 1995-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 45 தாவர மரபணுக்களை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். இன்றைய தகட்டில் புள்ளிகள் லட்சக்கணக்கில் உள்ளன. நான் ஆய்வு மாணவனாக இருந்த நாளில் திரையில் விழும் படம் சுங்குடிச் சேலையை விரித்துப் போட்டதுபோல் இருக்கும். டிஎன்ஏவுக்கு ஏற்றும் சிவப்பு ஒளிர்சாயம் காற்றிலுள்ள ஓசோன் பட்டால் மங்கிவிடும் என்பது தெரியாமல், ஒரு கோடை முழுவதும் பச்சைப் புள்ளிகளாகவே பார்த்துக் குழம்பியிருக்கிறேன்.

வரப்பில் நின்று பார்த்தால் நாற்று விட்டுப்போன திட்டு தெரியும். ஒரு தூரில் குருத்து காய்ந்திருப்பது தெரியாது. மைக்ரோஅரே வரப்பில் நின்று பார்ப்பது. டிஎன்ஏ வரிசையின் ஒவ்வோர் அலகையும் எழுத்து என்போம்; முன்பே தெரிந்த ஓர் எழுத்து மாற்றத்துக்கென்று தனியாகப் புள்ளி வைக்கலாம். உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்ட, தந்தைவழி மரபைக் காட்டும் எம்130 என்ற அடையாளமும் ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான். ஆனால் யாரும் இதுவரை கேட்டிராத எழுத்துப் பிழையைத் தகடு காட்டாது.

உங்கள் அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது வரி. தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைக்கு இவ்வகைப் பகுதி சராசரியாக 12.5 விழுக்காடும், அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் 6.25 விழுக்காடும் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே 11 என்பது எதிர்பார்க்கத்தக்கதே. அப்பகுதிகளில் ஒடுங்கு பண்புள்ள, அதாவது இரு பிரதியும் கெட்டால்தான் நோய் தரும், பழுதான மரபணு ஒன்று இருந்தால், அதற்கு ஈடுகட்ட நல்ல பிரதி இராது. அடுத்த சோதனையில் எங்கே முதலில் தேட வேண்டும் என்பதை அந்த வரி சொல்லிவிட்டது.

மரபணுத் தரவுப் பணியாளர்:
மேலே உள்ளவர் சொன்னது சரி. சீக்வென்சிங் எழுத்தெழுத்தாக வாசிப்பது. 1977-இல் பிரிட்டன் விஞ்ஞானி சாங்கரின் குழு 5,386 எழுத்து கொண்ட வைரஸ் ஒன்றை வாசித்தது. அதே ஆண்டு அக்குழு வெளியிட்ட இன்னொரு முறையை வளர்த்தெடுத்து மனித மரபணுத்தொகையை வாசிக்க 1990 முதல் 2003 வரை ஆயிற்று. இப்போதைய கருவிகள் ஏறத்தாழ 150 எழுத்துத் துணுக்குகளைக் கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. எக்சோம் என்பது அந்த 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கான ஒன்றிரண்டு விழுக்காடு மட்டுமே. தெரிந்த நோய்க்காரணிகளில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கின்றன.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே மூன்றெழுத்து இருநூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் ஃபிரஜைல் எக்ஸ் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபு நோய்) போன்றவற்றைச் சிறு துணுக்குகளை வைத்து எண்ண முடியாது. அதற்குத் தனிச் சோதனை எடுத்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நானோபோர் முறையில் இழையை நுண்துளை வழியே இழுத்து, மின்னோட்டம் மாறுவதை வைத்துப் பல்லாயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் வாசிக்கலாம். ஆனால் உங்கள் நிலையில் முதலில் எக்சோம்தான் பொருத்தம். முடிந்தால் தாய், தந்தை இருவர் ரத்தத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லி போதும். குழந்தையிடம் மட்டும் பார்த்தால் ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்ற குறிப்போடு அறிக்கை வந்து நின்றுவிடக்கூடும். உலகத் தரவுத்தளங்களில் நம் மக்களின் பங்கு குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்தியர்களின் மரபணுத்தொகையை வாசிக்கும் ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரை வாசித்தது இக்குறையை ஓரளவு தீர்க்கும்.

திருமங்கலத்துக்காரர்:
இருவருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தங்கை மறுபடி உண்டாகியிருக்கிறாள், எட்டாவது வாரம். பெரியவர்கள், முதலில் பிரசவம் ஆகட்டும், சோதனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பழைய ஆய்வகத்தார்:
தள்ளிப்போடாதீர்கள் ஐயா. காரணம் ஒடுங்கு மரபணுவாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நஞ்சுக்கொடித் திசுவை 11 முதல் 13 வாரத்துக்குள் எடுத்துப் பார்க்கலாம். தவறினால் 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை எடுக்கலாம். ஆனால் மூத்த பிள்ளையிடம் எந்த எழுத்து பிழை என்று தெரிந்தால்தான் கருவில் அதைத் தேட முடியும். எக்சோம் அறிக்கை வரவே சில வாரங்கள் பிடிக்கும். மரபணு ஆலோசகரிடம் கருவின் வாரக்கணக்கை முதலில் சொல்லி, மூவர் ரத்தத்தையும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பழைய அறிக்கையின் அந்த இரண்டாவது வரியையும் மறக்காமல் நகலெடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.