மறு: புரோகிரசிவ் ஓவர்லோட்: மிகைச்சுமையா, ஏறுசுமையா?

வணக்கம். உடற்பயிற்சியில் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும் முறைதான் புரோகிரசிவ் ஓவர்லோட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஓவர்லோட் என்பதற்கு ‘மிகைச்சுமை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. முன்னால் ‘படிப்படியான’ சேர்த்தால் போதுமே.

ஐயா, லாரிக்கும் மின்கம்பிக்கும் அது சரி. உடற்பயிற்சிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மாலைப் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள், காண்டாவில் (தோளில் வைக்கும் காவடித் தடியில்) பால் வாளி தூக்கித் தோள் காய்த்தவர்கள். ‘மிகைச்சுமைப் பயிற்சி’ என்றதுமே, “தூக்கினதெல்லாம் போதும் தம்பி, முதுகு போயிரும்” என்கிறார்கள். மிகை என்றால் அளவு மீறியது என்றுதான் காதில் விழுகிறது. இந்தப் பயிற்சியின் உயிரோ அளவு மீறாமல் கூட்டுவதில் இருக்கிறது.

பழகிய வேலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் தசை அதற்கேற்ப வலுவாகிறது. அதுவும் பழகிப்போன பிறகு மறுபடி கொஞ்சம் கூட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு இம்முறையில் பயிற்சி கொடுத்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945இல் எழுதிய கட்டுரையில் இதைக் ‘கடும்’ எதிர்ப்புப் பயிற்சி (எடை போன்ற தடையை எதிர்த்துச் செய்வது) என்ற பொருளில்தான் குறித்தார். 1948இல் அந்தக் ‘கடும்’ போய், ‘படிப்படியாகக் கூடும்’ என்ற சொல் வந்துவிட்டது. அவரே ‘கடும்’ என்பதை விட்டபோது, அதே போல் ஒலிக்கும் ‘மிகை’யை நாம் எதற்குப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

என் பரிந்துரை ‘ஏறுசுமை’. சின்ன வகுப்புக் கணக்கில் வரும் ஏறுவரிசை போல வினைத்தொகை. ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும்.

சுமை என்றால் எடை மட்டும்தானே என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். வேலைச்சுமை, குடும்பச்சுமை என்கிறோமே, எடையா வைத்திருக்கிறோம்? நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 8 முறையிலிருந்து 12 முறையாக்கினாலும் ஏறுசுமைதான். அது எளிதானதும் கைக்கொரு ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு எழலாம். திடலில் 10 நிமிட நடையை மெல்ல 30 நிமிடமாக்கினால், வாரம் ஐந்து நாளில் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்த அளவு அதுதான். தசைப் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது தனியாக வேண்டும் என்றும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. நடந்தாலே போதும் என்று நம் ஆட்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

விடக்கூடாது. 2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம்மவரிடையே, அதாவது மலேசிய இந்தியரிடையே, இன்னும் அதிகம். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. சொல்லைக் கேட்டே பயந்து ஒருவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அது நமக்குத்தான் நட்டம்.

அப்புறம், களைப்புத் தீர இடையில் ஒரு வாரம் அளவைக் குறைப்பார்களே, டீலோட் வாரம். அதற்கு ‘இறங்குசுமை வாரம்’ பொருந்துமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்த பயிற்சித் தாளில் இரண்டு சொற்களையும் அச்சிட எண்ணியிருக்கிறேன்.