தெருவாசிகளே நடத்தும் உதவிச் சங்கம்: அனுபவப் பகிர்வு

முடிச்சூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாற்று வெள்ளம் எங்கள் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது, என் பெற்றோரை மாடிக்குத் தூக்கிச் சென்றவர்களும் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்களும் அதே தெருக்காரர்கள்தாம். அதுவரை அவர்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகு அந்த உறவை விட்டுவிடக் கூடாது என்று எண்ணிச் சங்கமாகப் பதிவு செய்தோம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நாங்கள் சரியாக ஏழு பேர்தான் இருந்தோம். மாதச் சந்தா நூறு ரூபாய். அன்று முதல் நான் பொருளாளராக இருக்கிறேன்.

இங்கே நான் சொல்ல வந்தது 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நடந்த ஒரு நிகழ்வை. மார்ச் 25ஆம் தேதி நாடே முடங்கியதும், வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கட்டட வேலைக்கு வந்து ஊர் திரும்ப முடியாமல் தவித்தவர்கள் என்று அனைவருக்கும் அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய் அடங்கிய பைகளை வழங்கினோம். நன்கொடை தந்தவர்கள் படம் கேட்டார்கள். நானும் யோசிக்காமல், பை வாங்குவோரை நிற்க வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கள் தெரு முனையில் பல ஆண்டுகளாக இஸ்திரி வண்டி போட்டிருப்பவரும் அந்தப் படத்தில் இருந்தார். மறுநாள் காலை அவருடைய மனைவி, கட்டிய முடிச்சுகூட அவிழாத அந்தப் பையை எங்கள் வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, "பையனோட படிக்கிற பிள்ளைங்க எல்லாம் படத்தைப் பாத்துட்டாங்க சார். நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கிறோம், இதை வேற யாருக்காவது குடுங்க" என்றார். அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்றே படங்களை அழித்தேன்; ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதான். அதன் பிறகு பை கட்டுவதையே நிறுத்திவிட்டோம். தெருவில் உள்ள மளிகைக் கடைக்காரரிடம் பேசி, உதவி தேவைப்படும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தந்தோம். அவர்கள் எல்லோரையும் போலக் கடைக்குப் போய், வேண்டியதைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கடைக்காரர் நோட்டில் எண்ணையும் தொகையையும் மட்டும் எழுதுவார். மாதக் கடைசியில் நான் கணக்கைத் தீர்ப்பேன். பக்கத்தில் நிற்பவருக்கு அது கடனா, உதவியா என்று தெரியாது. குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பால் பவுடரும், சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கோதுமையும் போயின. நாங்கள் கட்டிய பையில் இவை இரண்டுமே இருந்ததில்லை என்பது அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. படம் இல்லாமல் பணம் தர இயலாது என்று ஒரு பெரிய நன்கொடையாளர் விலகிக்கொண்டார். அந்த இழப்பை ஈடுகட்ட எங்களுக்கு ஓராண்டு பிடித்தது. ஆயினும் அந்த முடிவை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இஸ்திரிக்காரர் இன்றும் எங்கள் துணிகளுக்குப் பெட்டி போட்டுத் தருகிறார். அந்தப் பையைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

மதுரை எல்லீஸ் நகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. நாங்கள் மருத்துவ உபகரணங்களை இரவல் தருகிறோம்: வாக்கர், சக்கர நாற்காலி, படுக்கைப் புண் வராமல் தடுக்கும் காற்றுப் படுக்கை, 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்று. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் அந்தக் கருவி நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்தான் தரும்; மூச்சுத்திணறல் அதிகமாக இருப்பவருக்கு அது போதாது. ஆகவே மருத்துவர் கடிதம் இல்லாமல் அதை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை.

தொடக்கத்தில் இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினோம். உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். முன்பணத்தை நீக்கியதும் பொருள்கள் திரும்பி வருவது குறைந்தது. ஒரு வீட்டில் எங்கள் வாக்கரின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். பிறகு எங்களுடன் இருக்கும், பணி ஓய்வு பெற்ற செவிலியர் அம்மா ஒரு வழி சொன்னார். இரு வாரங்களுக்கு ஒருமுறை அவரே தொலைபேசியில் அழைத்து, "அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு? திருப்பிப் படுக்க வைக்கிறீங்களா? முதுகு சிவந்திருக்கா?" என்று விசாரிப்பார். படுக்கை எப்போது திரும்பி வரும் என்று ஒருமுறைகூடக் கேட்க மாட்டார்.

சென்ற ஆண்டு ஒருவர், தாயாரின் கருமாதி முடிந்த மறுநாளே காற்றுப் படுக்கையைக் கொண்டுவந்தார். சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் உலர்த்தி, மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடர் தூவி, மோட்டார் குழாயை வளையமாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். செலவாகாமல் மிஞ்சிய டயப்பர் பொட்டலங்கள் இரண்டையும் உடன் வைத்தார். செவிலியர் அம்மா காபி கொடுத்தார். அவர் அரைமணி நேரம் தாயாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் படுக்கை அன்று மாலையே வேறொரு வீட்டுக்குப் போனது.

முடிச்சூர் உறுப்பினர்:

மிக்க நன்றி. எங்கள் சங்க அறையிலும் இரண்டு காற்றுப் படுக்கைகள் பயன்படாமல் கிடக்கின்றன. ஒன்றின் மோட்டார் ஓடுகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் காற்று ஏறவில்லை. இதைப் பழுது பார்ப்பது எப்படி என்று உங்கள் செவிலியர் அம்மாவிடம் கேட்டுச் சொல்ல இயலுமா? ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம் இருக்கிறது. அதற்குள் தெரிந்தால், தெருக் கடைசி வீட்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவோம்.