ஓயாத கழிச்சல், இளைத்துக்கொண்டே போன குதிரை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செவலை:
லத்தியில் புழு முட்டை இல்லை என்று அறிக்கை வந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது. நாலு வயதுப் பெட்டைக் குதிரை. வாரக்கணக்கில் கழிச்சல். வைத்த தீவனத்தை மிச்சமில்லாமல் தின்கிறாள், ஆனாலும் முதுகெலும்பு துருத்துகிறது. புழு மருந்து கொடுத்து அதிக நாள் ஆகாததால் புழுவை யாரும் சந்தேகிக்கவே இல்லை. ஒருநாள் மருத்துவர் ஆசனவாய் வழியாகப் பரிசோதித்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார். கையுறை முழுக்கச் சிவப்பாக, தையல் நூலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்ட மாதிரி. வெளிச்சத்தில் பார்த்தால் நெளிகிறது!

சின்னச் சிவப்புப் புழுவின் இளம்புழுக்கள். பெருங்குடல் சுவருக்குள் மாதக்கணக்கில் பதுங்கியிருந்துவிட்டு மொத்தமாக வெளியே வருகின்றன. முட்டையிடும் பருவத்துக்கே வராத புழு முட்டைப் பரிசோதனையில் எப்படித் தெரியும்? பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த ஒரு காகிதத்தை நம்பி எல்லோரும் கழித்த நாட்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கடிவாளம்:
செவலை அக்கா, உங்கள் குதிரைக்குப் புழு, சரி. எங்களுடையதற்கு அது இல்லை. நொண்டலுக்காக பினைல்பூட்டசோன் என்ற வலி மருந்து ஓடிக்கொண்டிருந்தது, எழுதிக் கொடுத்த அளவில்தான். முதலில் லத்தி இளகியது, பிறகு தண்ணீராகவே போனது. அடிவயிற்றில் ஒரு வீக்கம். எடை ஏறுகிறது என்று லாயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். மருத்துவர் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. அந்தக் குழி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அது சதை இல்லை, நீர். குடல் புண் வழியாகப் புரதம் கசிந்து, இரத்தத்தில் ஆல்புமின் என்ற அந்தப் புரதம் இறங்கியதால் கோத்த நீர். ஸ்கேனில் பெருங்குடலின் வலது மேல்பகுதிச் சுவர் தடித்திருந்தது. குடலைப் புண்ணாக்கிய அந்த வலி மருந்தை அன்றே நிறுத்தினோம். வைக்கோலைக் குறைத்து, அரைத்து அழுத்திய குச்சித் தீவனத்தைச் சிறுசிறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். தேற மாதங்கள் ஆயின.

மணிக்கால்:
என்னுடையது சின்னக் கதை. காரணம் தெரிவதற்குள் குதிரை போய்விட்டது. அதனால்தான் சிலதை அழுத்திச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் நேரே போய் வீரியமான புழு மருந்தை வாயில் பிழிந்துவிடாதீர்கள். குடல் சுவருக்குள் இருக்கும் இளம்புழுவை ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து சரியாக எட்டாது, மாக்ஸிடெக்டின் என்ற மருந்து எட்டும். ஆனால் அது கொழுப்பில் தங்கும் மருந்து. எலும்பும் தோலுமான குதிரைக்கு எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் கொடுத்தால் விஷமாகலாம். இளம்புழு கூட்டமாகச் சாகும்போது குடல் அழற்சி கூடும் என்பதால், கூடவே ஸ்டீராய்டு கொடுக்கும் மருத்துவர்களும் உண்டு. இன்னொன்று, வளர்ந்த குதிரைக்குக் கழிச்சல் நீடிக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பெருங்குடலில்தான். சிறுகுடல் மட்டும் கெட்டால் குதிரை இளைக்கும், ஆனால் லத்தி உருண்டையாகவே விழக்கூடும். குளுக்கோஸ் உறிஞ்சும் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தால் அது சிறுகுடலுக்கான சான்றிதழ் மட்டுமே. மலக்குடல் சதைத் துணுக்கையும் பரிசோதனைக்குக் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். கழிச்சலை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமியைக் கண்டுபிடிக்க ஒரு லத்தி மாதிரி போதாது. கிருமி விட்டுவிட்டுத்தான் வெளியேறும், அதனால் மூன்று முதல் ஐந்து மாதிரி வரை கேட்பார்கள். அதுவரை குதிரையைத் தனியாகக் கட்டுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மனிதருக்கும் தொற்றும்.

செவலை:
மணிக்கால் அண்ணா, புழு மருந்தை வாங்கிக் கொடுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள் என்றுதான் சொன்னேன். என் பெட்டைக்கும் எடை பார்த்து, ஸ்டீராய்டு போட்ட பிறகுதான் மருந்து கொடுத்தார்கள்.

வெள்ளைக்குளம்பு:
மணலாலும் கழிச்சல் வரும், அதை யாரும் சொல்லவில்லையே. புல் குறைந்த மணல்தரையில் மேய்ந்த குதிரை எங்களுடையது. மருத்துவர் லத்தி உருண்டைகளை நீளக் கையுறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் ஐந்தும் மணலால் கனத்துத் தொங்கின. இவ்வளவையும் வயிற்றில் சுமந்தா நடந்தாய் என்று நெஞ்சு அடைத்துவிட்டது. இசப்கோலும் மக்னீசியம் சல்பேட் என்ற பேதி உப்பும் சேர்த்துக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டார்கள். கழிச்சல் நின்றது.

கடிவாளம்:
கையுறையில் மணல் படியவில்லை என்றால் வயிற்றில் இல்லை என்று அர்த்தமில்லை, வெள்ளைக்குளம்பு. எங்கள் குதிரைக்கு எக்ஸ்ரே எடுத்துத்தான் மணலை விலக்கினார்கள். உங்கள் குதிரைக்கு இப்போது தீவனம் தரையிலா, தொட்டியிலா?

வெள்ளைக்குளம்பு:
தொட்டியில்தான். அடியில் ரப்பர் விரிப்பும் போட்டிருக்கிறோம், சிந்துவதைப் பொறுக்கும்போது மண் வாய்க்குள் போகக் கூடாதென்று. விலா எலும்பு இப்போது கையால் தடவினால்தான் தெரிகிறது.