ப்ரொமோதோராக்களோடு ஆய்வுக் களத்தில்: எங்கே சறுக்குகிறது?

அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடியிருப்புகளில் மருத்துவ ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது பல இடங்களில் ப்ரொமோதோராக்கள்தான். அதே தெருவில் குடியிருந்து, அக்கம்பக்கத்தில் சுகாதாரப் பணி செய்யும் பெண்கள். டாக்டரோ நர்ஸோ இல்லை.

முதல் சிக்கல் ஒரு சொல். 'இன்வெஸ்திகாசியோன்' என்றால் ஆய்வும்தான், விசாரணையும்தான். நம் ஊர் வாசலில் "ஆய்வாளர் வந்திருக்கேன்" என்றால் போலீஸா என்று பார்ப்பார்களே, அதே கதை. குடியேற்றத் தாள் இல்லாத ஒருவர் வீட்டில் இருந்தால் கதவு மூடிவிடும். படிப்பு, ஆய்வு என்று மட்டும் பொருள்படும் 'எஸ்தூதியோ'வைச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது, பங்கேற்பவருக்கு நன்றியாகக் கொடுக்கும் கிஃப்ட் கார்டு. பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு சோஷியல் செக்யூரிட்டி எண் (தாள் இல்லாதவரிடம் இருக்காத அரசு அடையாள எண்) கேட்டால் வந்தவரும் எழுந்து போய்விடுவார். எண் இல்லாமல் கொடுக்க வழியைக் களத்துக்குப் போகுமுன்பே பேசி முடியுங்கள். என்.ஐ.ஹெச். (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு 2017 அக்டோபர் முதல் ரகசியக் காப்புச் சான்று தானாகவே உண்டு: சம்மதமில்லாமல் பங்கேற்பவரின் அடையாளத்தைக் கோர்ட்டுக்குக்கூடத் தர முடியாது. சம்மதப் படிவத்தில் எங்கோ பின்னால் கிடக்கும் இதைத்தான் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

* * *

பெயரும் தேதியும் பற்றி இரண்டு வரி. ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. ஒரு படிவத்தில் லோபெஸ், இன்னொன்றில் கார்சியா. ஒரே பெண் இரண்டு பேராகிவிடுவார். 05/03 மெக்சிகோவில் மார்ச் 5, அமெரிக்காவில் மே 3. மாதத்தை எழுத்தில் எழுத வையுங்கள்.

* * *

சறுக்கும் இடங்களில் ரத்த அழுத்தம் எடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். நடக்காதது அதுதான்! உள்ளே போனதும் காபி, குழந்தை, மாமியார் பேச்சு. பேசிக்கொண்டே எடுத்தால் அளவு ஏறும். மேல்கையை டேப்பால் அளந்து, 27–34 செ.மீ. என்றால் சாதாரண கஃப் (கையில் சுற்றும் பட்டை), 35–44 என்றால் பெரியது. பையில் ஒரே கஃப் இருந்தால், பெரிய கையில் சின்னது சுற்றப்பட்டு இல்லாத பிரஷர் காட்டும்.

* * *

இவற்றையெல்லாம்விடத் தொல்லை, நல்ல ப்ரொமோதோராவால் வருவது. ஒரு குழுவுக்குச் சுகாதார வகுப்பு, ஒப்பீட்டுக் குழுவுக்கு வகுப்பு இல்லாமல் அளவு மட்டும் என்று வையுங்கள். ஒப்பீட்டுக் குழுவில் விழுந்த பக்கத்து வீட்டம்மாவுக்குச் சர்க்கரை 300 என்றால் யார் சும்மா திரும்பி வருவார்? "டார்ட்டியா ரொட்டியைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் கரைந்துபோகும். அவரைத் திட்டிப் பயனில்லை. யார் எந்தக் குழு என்று வீடு வீடாகச் சீட்டுக் குலுக்காமல் குடியிருப்பு குடியிருப்பாகக் குலுக்குங்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கு வேறு ஆள் போடுங்கள், ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் அதே வகுப்பு உண்டு என்று எழுதிக் கொடுங்கள். ஆபத்தான அளவு வந்தால் செய்ய வேண்டியது மட்டும் இரண்டு குழுவுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

"காய்கறி தினமும் சாப்பிடுவீங்கதானே?" என்று பதிலை வாயில் ஊட்டும் அந்தத் 'தானே'யும் இதே ரகம். கேள்வியை அச்சில் உள்ளபடி படிக்கலாம், திரும்பப் படிக்கலாம், விளக்கக் கூடாது.

* * *

பண்ணைத் தொழிலாளர்கள் என்றால் காலண்டரைப் பாருங்கள். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கின் லெட்டூஸ் கீரை அறுவடை நவம்பரில் அரிசோனாவின் யூமாவுக்கு நகரும், ஆட்களில் பலரும் கூடவே. டிசம்பரில் மறுசந்திப்பு வைத்தால் பூட்டிய வீடுதான்; ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். சேரும் நாளிலேயே, இடம் மாறாத 3 உறவினர்களின் எண்ணை வாங்கிவிடுங்கள். பூச்சிமருந்தின் பாதிப்பை அறிய 601 கர்ப்பிணிகளோடு சலினாஸ் பள்ளத்தாக்கிலேயே தொடங்கிய 'சமாகோஸ்' ஆய்வு, அவர்கள் பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்தது. பேச்சு வழக்கில் சமாகோஸ் என்றால் பொடிசுகள்.

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலிருந்து வந்த பலருக்கு ஸ்பானிஷ் தாய்மொழி இல்லை; மிஷ்தெகோ அல்லது த்ரிகி என்ற பூர்வகுடி மொழிதான். ஸ்பானிஷ் படிவத்துக்கு மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். மிஷ்தெகோவில் அச்சடித்தாலும் பலருக்கு அந்த மொழியை எழுத்தில் படித்துப் பழக்கமில்லை. ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டுங்கள். பிறகு, "இதிலிருந்து எப்போ விலகலாம்?" என்று கேளுங்கள். "எப்போ வேணும்னாலும்" என்று அவர் வாயிலிருந்து வரும்வரை பேனாவை நீட்டாதீர்கள்.