தக்ளியில் நூற்ற கம்பளி நூலில் பின்னினால் துணி சாய்வது ஏன்?

இழைதேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகக் கடையில் வாங்கிய கம்பளி நூலில் பின்னிவருகிறேன். ஊசியிலே வெறும் கண்ணிகளாக நின்றவை வரிசை வரிசையாகத் துணியாகிக் கீழே இறங்குவதைப் பார்ப்பது எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. அந்த நூல் எப்படி உருவாகிறது என்பதையும் அறிய வேண்டும் என்ற ஆசையில், தொங்கவிட்டுச் சுழற்றும் தக்ளி ஒன்றில் அண்மையில் நூற்கத் தொடங்கியிருக்கிறேன்.

நூல் ஓரிடத்தில் மயிரிழையாகவும் அடுத்த இடத்தில் விளக்குத் திரி அளவு பருமனாகவும் வருகிறது. சில வேளைகளில் அறுந்து தக்ளி தரையில் விழுந்துவிடுகிறது. இதைவிட எனக்குப் புதிராக இருப்பது வேறொன்று. அந்த ஒற்றைப்புரி நூலை (ஒரே இழையாக முறுக்கிய நூலை) கொண்டு ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), ஒரு வரிசை பர்ல் (எதிர்க்கண்ணி) என்று மாற்றி மாற்றிச் சதுரத் துண்டு ஒன்று பின்னிப் பார்த்தேன். கண்ணிகளின் எண்ணிக்கை முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை மாறவில்லை; ஆனாலும் துண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. காரணம் என்ன? நூற்கக் கற்பதால் பின்னலின் இன்பம் கூடுமா, அல்லது பின்னுவதற்கு இருக்கும் நேரமும் அதிலேயே போய்விடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

முப்புரி எழுதியது:

நண்பரே, தங்கள் பின்னலில் குறை எதுவும் இல்லை. நூலுக்குள் அடங்காமல் இருக்கும் முறுக்குதான் துணியைச் சாய்க்கிறது. ஒற்றைப்புரி நூல் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள ஓயாமல் முயலும். ஒரே திசையில் நிகழும் அந்த முயற்சி ஒவ்வொரு கண்ணியையும் சிறிதளவு திருப்புவதால், நூற்றுக்கணக்கான கண்ணிகளின் திருப்பம் ஒன்றுகூடித் துணி முழுவதும் சாய்ந்துவிடுகிறது.

இதற்கு மருந்து, புரி சேர்ப்பது. வலஞ்சுழியாக நூற்ற இரண்டு ஒற்றைப்புரிகளைச் சேர்த்து இடஞ்சுழியாக முறுக்கினால், முதல் முறுக்கில் ஒரு பகுதி அவிழ்ந்து, இரண்டு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை நூலே காட்டும்: நூற்ற உடனே ஒரு முழ நீளத்தை எடுத்து நடுவில் மடித்துத் தொங்கவிடுங்கள், அது தானாகவே தன்மேல் சுற்றிக்கொள்ளும் அளவுதான் இருபுரி நூலுக்கு நமக்கு வேண்டிய முறுக்கு. அந்தத் துண்டை ஓர் அட்டையில் கட்டி அருகில் வைத்துக்கொண்டு புரி சேருங்கள். பிறகு சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி, வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் பிழிந்து தொங்கவிடுங்கள். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நூல் கட்டிப்பட்டுவிடும் என்பதால் இதில் மட்டும் கவனம் தேவை. காய்ந்த சிட்டம் முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்கினால் முறுக்கு சமநிலையை அடைந்துவிட்டது என்று பொருள்.

நூல் அறுபடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அறுந்த முனை பிசிறு பிசிறாக மெலிந்து முடிந்தால், முறுக்கு போதவில்லை. இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிரிந்துவிட்டன. இழுக்கவே முடியாமல் விறைத்து நின்று, பிறகு வெடுக்கென அறுந்தால், முறுக்கு கையிலுள்ள இன்னும் நூற்காத இழைக்கற்றைக்குள் ஏறிவிட்டது. இரு கைகளுக்கும் இடையிலான தூரம் இழையின் நீளத்தைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும்; இல்லையேல் ஒரே இழையின் இரு முனைகளையும் நீங்களே பிடித்துக்கொண்டு இழுப்பதாக ஆகிவிடும். பருமன் மாறுவதற்கும் முறுக்கே காரணம்: அது எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடிச் சென்று சேரும், பருத்த இடம் முறுக்கில்லாமல் தளர்ந்தே கிடக்கும். அத்தகைய இடத்தின் இரு பக்கத்தையும் பிடித்து, முறுக்கைச் சற்று அவிழ்த்து, மெதுவாக இழுத்துவிட்டால் சரியாகிவிடும். தொடக்கத்தில் தக்ளியைச் சுழற்றியபின் முழங்கால்களுக்கிடையே இடுக்கி நிறுத்திவிட்டு, இரு கைகளாலும் இழையை இழுத்துப் பழகுங்கள். விழுமோ என்ற கவலை அப்போது இருக்காது.

வெண்பஞ்சு எழுதியது:

மேலே கூறியவை அனைத்தும் சரி. ஆயினும் ஒற்றைப்புரியைக் கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. முறுக்கைக் குறைவாக வைத்து நூற்று, எல்லா வரிசைகளையும் நிட்டாகவே பின்னினால், முன்பக்கக் கண்ணிகளும் பின்பக்கக் கண்ணிகளும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்து, துணி நேராக நிற்கும். ஒற்றைப்புரியின் மென்மை சால்வைக்கு அத்தனை பொருத்தமானது.

இன்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விரல்களுக்கு மேலே இழைகள் விசிறியாக விரிந்து நிற்கின்றன. பிடியைத் தளர்த்திய கணத்திலேயே கீழிருந்து முறுக்கு ஏறி, அந்த விசிறியை முனையில் குவித்து நூலாக்கிவிடுகிறது. இதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் உணர்ந்துவிடும் நாள் வரும். அன்றிலிருந்து தக்ளியை வைக்க மனம் வராது. கழுவாத கம்பளியானால் அதிலுள்ள கொழுப்பு விரல்களில் படிந்து கையே மென்மையாகிவிடும். பின்னலுக்கு நேரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நூலைப் படிக்கத் தெரிந்துவிடும். குட்டை இழையைத் தளர்வாக முறுக்கிய நூல் உடுத்த உடுத்த உருண்டை உருண்டையாகப் பிசிறிடும் என்பதையும், காலுறைக்கு இறுகிய முறுக்கு ஏன் வேண்டும் என்பதையும், சீப்பால் வாரிய இழை வழவழப்பாகவும், பல்பலகையில் கோதிச் சுருட்டிய இழை காற்றைப் பிடித்துவைத்து லேசாகவும் கதகதப்பாகவும் வருவதையும் யாரும் சொல்லித்தர வேண்டியிராது. இவை தெரிந்தபின் கடை நூலில் பின்னுவதும் முன்பைவிடச் சுவையாக இருக்கிறது.

இழைதேடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மடித்துத் தொங்கவிட்டதும் நூல் தானே சுற்றிக்கொண்டதைக் கண்டு வியந்துபோனேன். இருபுரியில் ஒரு சால்வை பின்ன விரும்புகிறேன். தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே பருமனில் நூற்பது எப்படி? அதற்கு இராட்டை வாங்கியே ஆக வேண்டுமா?

முப்புரி எழுதியது:

இராட்டை வேகத்தைத் தரும். இழையை இழுக்கும் நயத்தை விரல்தான் கற்க வேண்டும். ஐரோப்பாவுக்கு இராட்டை ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில்தான் சென்றது. அதற்கு முன் அங்கே உடை முதல் கப்பலின் பாய்வரை அனைத்துக்கும் நூல் தந்தது தக்ளியே. ஆகவே சால்வைக்குத் தயங்க வேண்டாம்.

பருமனுக்கு, தங்களுக்குப் பிடித்த அளவில் வந்த ஒற்றைப்புரியை ஓர் அட்டையில் சில சுற்றுகள் சுற்றி வைத்து, நூற்க அமரும்போதெல்லாம் புதிய நூலை அதனருகில் வைத்து ஒப்பிடுங்கள். தேவையான நூல் முழுவதையும் நூற்று முடித்தபின், தொடக்கத்தில் நூற்றதையும் கடைசியில் நூற்றதையும் இணைத்துப் புரி சேருங்கள். பழக்கத்தால் ஏற்படும் வேறுபாடு இதனால் சால்வை முழுவதும் பரவி, கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஊறவைத்துக் காய்ந்தபின் நூல் சற்று உப்பும் என்பதால், மாதிரித் துண்டை அதற்குப் பிறகே பின்னி ஊசியின் அளவை முடிவு செய்யுங்கள்.